ஒரு கிராமத்தில் ஒரு சிறுமி

ஜன்னலோரம் நீயே உக்காந்துக்க தாயி, எனக்கு வெளிய பாக்க ஒண்ணும் இல்ல. மதுரைக்கா? நானும் மதுரையிலதான் எறங்கணும், அங்கேருந்து பரமக்குடி பஸ்ஸு. பகல் ரயிலுன்னா நல்லது, பேசிக்கிட்டே போயிரலாம். பேசாம வர்றவுக பக்கத்துல உக்காந்தா எனக்குத் தலைவலி வந்துரும். வீட்ல அத்தன வருஷம் பேசாமயே கெடந்தவ நான், அதான்.

கையில என்னன்னா பாக்குற? இது சட்டசபைக்குள்ள போகக் குடுத்த பாஸு. வெளிய வரையில திருப்பி வாங்கிக்கிருவாக. என்கிட்ட வாங்க மறந்துட்டாக, நானும் குடுக்கல. ஆமா தாயி, சட்டசபைக்குத்தான் போயிட்டு வர்றேன். எங்க வீட்டுக்காரவுக நாலு தடவை எம்.எல்.ஏ.வா இருந்தவுக. தவசிமுத்துன்னா எங்க பக்கம் தெரியும், நீ சின்னப்புள்ள, உனக்குத் தெரியாது. பங்குனியில போய்ச் சேந்துட்டாக. சபையில இருந்தவுக செத்துப்போனா, அடுத்த கூட்டம் ஆரம்பிக்கையில பேரை வாசிச்சு எல்லாரும் எந்திரிச்சு நிப்பாக. இரங்கல் குறிப்புன்னு சொல்றது. அதைக் கேக்கத்தான் போனேன்.

அழுகல தாயி. கண்ணுல பொரை எடுத்ததுலருந்து இப்படித்தான் வடியும்.

நல்லாப் பேசுவாக. அதை நான் இல்லேன்னு சொல்லமாட்டேன். மேடைப் பேச்சு வேற, சட்டசபைப் பேச்சு வேற, தெரியுமா உனக்கு? அங்க மொதல்ல கையைத் தூக்கணும். சபைத் தலைவரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் எந்திரிக்கணும். அமைச்சரு பதிலு சரியில்லேன்னா துணைக் கேள்வின்னு ஒண்ணு கேட்டுக்கலாம். மணி அடிச்சா உக்காந்துரணும். மத்தவுக மணி அடிச்சாலும் கத்திக்கிட்டே நிப்பாக. இவுக அப்படியில்ல, பாதிச் சொல்லுல நிறுத்திட்டு உக்காந்துருவாக. ஏங்க, இன்னும் ஒரு வார்த்தை பேசிட்டு உக்காந்தாத்தான் என்னன்னு கேட்டா, தலைவரு சொன்னா சொன்னதுதான், அது நியாயமா இல்லையான்னு உறுப்பினரு பாக்கக் கூடாதும்பாக. விதிமுறைன்னா அவுகளுக்கு அப்படி ஒரு பயபக்தி. சாமி படத்துக்குக்கூட அப்படிக் கும்பிட்டு நான் பாத்ததில்ல.

ஜெயிச்சு வந்த புதுசுல அந்த விதிமுறைப் புத்தகத்தை வீட்ல வச்சு நெட்டுரு போட்டாக. எங்களை வச்சுத்தான் ஒத்திகை. இன்னொரு தம்ளரு காப்பி வேணும்னா அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டுக் கையைத் தூக்குவாக. 'துணைக் கேள்வி ஒண்ணு இருக்கு, அனுமதி உண்டா?' நான் திரும்பிக்கூடப் பாக்காம 'அனுமதி இல்ல, உக்காருங்க'ம்பேன். உடனே போயி உக்காந்துருவாக. பாத்துக்கிட்டிருந்த எங்க மக உருண்டு உருண்டு சிரிப்பா. அப்பறம் அவளும் பழகிக்கிட்டா. முறுக்கு டப்பா கீழ நின்னு கையைத் தூக்குவா. அவளுக்கு நான் எப்பவும் அனுமதி குடுத்துருவேன்.

ஒரே மகதான். பேரா? அது எதுக்கு இப்ப, விடு. எங்க வீட்ல அந்தப் பேரைச் சொல்றதில்ல.

நீ நர்ஸம்மாவா? அதான பாத்தேன், கையில கடிகாரத்தை உள்பக்கமாக் கட்டிருக்கியே. அப்ப உனக்குச் சொன்னாப் புரியும். ஒம்பது வயசு அவளுக்கு. வைக்கப்படப்புல கன்னுக்குட்டிக்கு வைக்கல் உருவப் போனா. கண்ணாடி விரியன். மதியச் சாப்பாடு முடிஞ்ச நேரம், நல்ல வெயிலு. என் கொழுந்தன் மொபெட்டுல வச்சு, நான் பின்னாடி அவளைப் புடிச்சுக்கிட்டு, கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்க இருந்த அம்மா நல்லவதான், ஓடி வந்தா, பாத்தா, கையைப் பிசைஞ்சா. பாம்புக்கடிக்கு ஊசி மருந்து இல்ல, ராமநாதபுரம் கொண்டு போங்கன்னா. பஸ்ஸுல என் மடியில படுத்துக்கிட்டு வந்தா. பல்லு ஈறுல ரத்தம் கசியுது, அதைத் துடைச்சுக்கிட்டே வர்றேன். 'அப்பா பேசிட்டாகளாம்மா?'ன்னு கேட்டா.

ஏன்னா அன்னிக்குத்தான் சட்டசபையில அவுகளுக்கு மொதப் பேச்சு. காலையில இருந்து அவளுக்கு அதே பேச்சுதான். பேசிட்டாகடி, எல்லாரும் மேசையைத் தட்டுனாகளாம்னு சும்மா சொன்னேன். சிரிச்சா. சத்திரக்குடி தாண்டலை தாயி. மடியிலயே போயிட்டா.

நான் சும்மா சொன்னது நெசமாவே நடந்திருக்கு, அதைக் கேளு. அதே நேரத்துல அங்க மேசையைத் தட்டிருக்காக. புது ஆளு என்னமாப் பேசுறாரு பாருன்னு கட்சி வித்தியாசம் இல்லாமத் தட்டுனாகளாம். ரைஸ்மில்லுலருந்து போன் போட்டு, அது சட்டசபையில யார் யாரு கைக்கோ போயி, கேண்டீன்ல டீ குடிச்சுக்கிட்டிருந்தவுககிட்டப் போய்ச் சேந்துச்சு. மறுநாள் உச்சி வேளைக்குத்தான் வந்தாக. கரை வேட்டி கசங்கல. அதைப் பாத்ததும் எனக்கு வந்துச்சு பாரு. ஊரே பாத்துக்கிட்டு நிக்கிது, நான் எந்திரிச்சுப் போயி நேருக்கு நேரா நின்னு சொன்னேன். 'எம் புள்ள பேரை இனிமே உங்க வாயால சொல்லக் கூடாது. சட்டசபையிலயும் சொல்லக் கூடாது, வீட்லயும் சொல்லக் கூடாது. கைதட்டு வாங்குன வாயி அது.' சரின்னு தலையை ஆட்டிட்டு, போயி அவ கால்மாட்டுல உக்காந்துட்டாக.

அது கெடக்கு. வயிறு எரிஞ்சு நிக்கிறவ வாயில என்னதான் வராது. அதையெல்லாம் யாரு மனசுல வச்சுக்கிறா.

என் ஆதங்கம் வேற தாயி. அதுக்கப்பறம் நடந்ததுதான் என் ஆதங்கம். இந்தா, இந்த இட்லியை எடுத்துக்க, மொளகாப்பொடி தடவித்தான் வச்சிருக்கு. சாப்பிட்டுக்கிட்டே கேளு.

அதுக்கு அடுத்த வருஷத்துலருந்து மருத்துவத்துக்குப் பணம் ஒதுக்குற விவாதம் வந்தாப் போதும், இவுக எந்திரிச்சுருவாக. கிராமத்து ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் பாம்புக்கடி மருந்து இருக்கா இல்லையா, இருந்தா எத்தன குப்பி, தீந்தா யாரு அனுப்புறது. அப்ப இவுக கட்சிதான் ஆட்சியில. சொந்தக் கட்சி அமைச்சரையே கேட்டா அவரு மொகம் எப்படி இருக்கும்? கூப்பிட்டுத் திட்டுனாக. அடுத்த வருஷமும் இவுக கேட்டாக. எதிர்க்கட்சியில உக்காந்தாலும் அதே கேள்வி. ரோடு கேப்பாக, கண்மாய் தூர்வாரக் கேப்பாக, பருத்திக்கு வெலை கேப்பாக, எல்லாம் கேட்டு முடிச்சுட்டுக் கடைசியில பாம்புல வந்து நிப்பாக. பாம்பு தவசின்னு பேரு வச்சுட்டாக. இவுக எந்திரிச்சாலே பின் வரிசையில இருந்து 'புஸ்ஸு'ன்னு சத்தம் குடுப்பாகளாம். ஒருத்தரு மகுடி ஊதுற மாதிரிக் கையை வச்சு ஆட்டுவாராம். பேப்பர்லகூட வந்துச்சு. சபையில சிரிப்புன்னு போட்டிருந்தான்.

எப்படி இருக்கும் எனக்கு, சொல்லு. எம் புள்ள செத்ததைச் சொல்லி ஊரு சிரிக்கிது.

ஒரு வார்த்தை சொல்லிருந்தா அந்தச் சிரிப்பு நின்னுருக்கும்ல? 'செத்தது எம் மகய்யா'ன்னு ஒரு வார்த்தை. சொல்லல. ஒரு வருஷம்கூடச் சொல்லல. என்ன சொல்வாக தெரியுமா? 'மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, ஒரு கிராமத்தில் ஒரு சிறுமி.' எப்பவும் அதே. ஒரு கிராமத்தில் ஒரு சிறுமி. எந்தக் கிராமம், எவ பெத்த சிறுமி? தெருவுல கண்டெடுத்த புள்ளையப் பத்திப் பேசுற மாதிரி. அந்தச் சொல்லைத்தான் என்னால மன்னிக்கவே முடியல.

எனக்குச் சந்தேகமாவே இருந்துச்சு, பேப்பர்க்காரன் சுருக்கிட்டானோன்னு. அதனால ஒரு வருஷம் நானும் வர்றேன்னு கெளம்பிட்டேன். பார்வையாளர் மாடத்துல உக்கார வச்சாக. அங்க காவலுக்கு நிக்கிறவுக மொதல்லயே சொல்லிட்டாக, பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, கையாட்டக் கூடாது, காலு மேல காலு போடக் கூடாதுன்னு. மேலருந்து பாக்குறேன், அவுக உச்சந்தலை நரைச்சிருக்கு. எந்திரிச்சாக. புஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சு. நான் காதாரக் கேட்டேன். அவுக ஒண்ணுமே நடக்காத மாதிரி, 'ஒரு கிராமத்தில் ஒரு சிறுமி'ன்னு ஆரம்பிச்சாக. ஆரம்பிக்கையில மேல என்னைய ஒரு தடவை பாத்தாக. பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாக. நான் பெஞ்சுல இருந்து பாதி எந்திரிச்சுட்டேன். 'அவளுக்குப் பேரு இல்லையா'ன்னு கத்தணும்னு தொண்டை வரைக்கும் வந்துருச்சு. காவலுக்கு நின்ன அம்மா வாயில விரலை வச்சா. உக்காந்துட்டேன். அப்பறம் மணி அடிச்சுச்சு, அவுகளும் உக்காந்துட்டாக.

ஊருக்கு வர்ற வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசல. 'உனக்குக் கோவமா?'ன்னு கேட்டாக. எதுக்குக் கோவம்னேன். அவ்வளவுதான் பேச்சு.

வீட்லயும் கேட்டிருக்கேன் நான், ஒளிஞ்சு நின்னு. பேச்சுக்கு முந்துன வாரம் ஆட்டுக் கொட்டாயிக்குப் பின்னாடி நடந்துக்கிட்டே பேசிப் பாப்பாக. 'ஒன்பது வயதுச் சிறுமி, பெயர்'னு சொல்லுவாக. அங்க நின்னுரும். தொண்டையைச் செருமுவாக. மறுபடி ஆரம்பிப்பாக. 'பெயர்'னு வந்ததும் மறுபடி நின்னுரும். கடைசியில 'ஒரு சிறுமி'ன்னு மாத்திக்கிருவாக. பெத்த புள்ள பேரு மறந்துபோச்சோன்னுகூட நெனச்சிருக்கேன். வேற என்ன நெனைக்கிறது நான்?

என்ன சொன்ன? உங்க ஆஸ்பத்திரியில மருந்து இருக்கா? எப்பவுமா? தீந்துபோனா? அப்படியா. தீர்ற முந்தியே எழுதிப் போட்டு வாங்கிருவீகளா. போன மாசம் ஒரு பையனைப் பொழைக்க வச்சியா நீ? எத்தன வயசு? நல்லா இரு தாயி. நீ நல்லா இருப்ப.

அது அவுக கேட்டுக் கேட்டு வந்ததுன்னுதான் பேசிக்கிறாக. எனக்கு அதெல்லாம் தெரியாது. ஒரு வருஷம் அரசாணை போட்டுட்டதா அமைச்சரு எந்திரிச்சுச் சொல்லி, உறுப்பினரு தவசிமுத்து தொடர்ந்து வலியுறுத்துனதாலன்னு பேரைச் சொல்லிச் சொன்னாராம். புஸ்ஸுன்னவுகளே மேசையைத் தட்டுனாகளாம். மறுநாள் காலையில வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழட்டாம என் முன்னாடி நின்னாக. 'வந்துருச்சு'ன்னாக. என்ன வந்துருச்சுன்னேன். 'மருந்து. எல்லா ஆஸ்பத்திரிக்கும்'னாக. நான் மொளகா காயப் போட்டுக்கிட்டிருந்தேன். 'யாருக்கு?'ன்னு கேட்டேன். அப்பறம் குனிஞ்சு அவுகளும் மொளகாயைப் பரத்த ஆரம்பிச்சுட்டாக.

அவுக செத்த அன்னிக்கு ஊருக்கு நல்லதம்பின்னு ஒருத்தரு வந்திருந்தாரு. அந்த மகுடி ஊதுன ஆளு அவருதான், எதிர்க்கட்சி. இப்ப தடி ஊனி நடக்குறாரு. எங்க சொந்தக்காரவுக யாரோ பேச்சுவாக்குல அவருகிட்ட மக விஷயத்தைச் சொல்லிட்டாக. அந்த மனுசன் பந்தல் காலைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. என்கிட்ட வந்து, 'தாயி, நான் ஒரு தடவை கேட்டேன், ஏன்யா எப்பப் பாத்தாலும் பாம்பு பாம்புன்னு நிக்கிறீருன்னு கேட்டேன். அது வீட்டு விஷயம்யா, சொல்ல எனக்கு அனுமதி இல்லன்னாரு. நான் அதுக்கும் சிரிச்சேன்'னு சொல்லி அழுதாரு. பாத்தியா? அனுமதி இல்லையாம். கட்சியில சொல்லிருப்பாக, ஆட்சிக்குக் கெட்ட பேரு, சொந்தக் கதையை எடுக்காதேன்னு. கட்சி சொன்னா வாயை மூடிக்கிறதா? பெத்த புள்ளையவிடக் கட்சி பெருசா? அன்னிலருந்து எனக்கு இன்னும் ஆறல.

இன்னிக்கு என்ன செஞ்சாகளா? வாசிச்சாக. அஞ்சாறு பேரு செத்திருந்தாக, அதுல இவுக மூணாவதோ நாலாவதோ. இன்ன தொகுதி, இன்ன இன்ன வருஷம் உறுப்பினரு, அன்னாரு மறைவுக்கு இரங்கல். அவ்வளவுதான் தாயி. மருந்து பத்தி ஒரு வார்த்தை இல்ல. அப்பறம் எல்லாரும் எந்திரிச்சு நின்னாக. நானும் மாடத்துல நின்னேன். புஸ்ஸுன்னு ஒருத்தன் சத்தம் குடுக்கல, இருமல்கூட இல்ல. அவுக இருந்தவரைக்கும் இப்படி ஒரு தடவை இருந்திருந்தா, சொல்லிருப்பாகளோ என்னமோ. அப்பறம் உக்காந்துட்டாக எல்லாரும். வேற வேலை ஆரம்பிச்சுருச்சு.

கடைசியில என்கிட்ட என்ன பேசுனாகளா? அதைக் கேட்டா உனக்கே கோவம் வரும்.

மதுரையில ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். நெஞ்செல்லாம் சளி. மூக்குல குழாயி. பேசவே கூடாது, பேசுனா மூச்சு எறங்கிரும்னு டாக்டரு கண்டிசனாச் சொல்லிட்டாரு. ஒரு நாள் சாயங்காலம் கட்டிலு பக்கத்துல நான் உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக்கிட்டிருக்கேன். ஊசி குத்தி வச்சிருந்த கையை மெல்லத் தூக்குனாக. தண்ணி கேக்குறாகன்னு குனிஞ்சேன். 'ஒரு பேரு சொல்லணும். அனுமதி உண்டா?'ன்னாக. சட்டசபையில நிக்கிறதா நெனப்பு. 'பேசாதீங்க, டாக்டரு வைவாரு'ன்னு சொல்லி அந்தக் கையை எறக்கிப் போர்வைக்குள்ள வச்சேன். சரின்னு தலையை ஆட்டுனாக. அப்பறம் கண்ணு தொறக்கல. கட்டுன பொண்டாட்டி பக்கத்துல உக்காந்திருக்கேன். கடைசி மூச்சுலயும் அவுகளுக்குச் சட்டசபைத் தலைவருதான். இதுதான் தாயி என் வாழ்க்கை.

என்ன? சத்தமாக் கேளு, பாலத்துல போகுது, காது கேக்கல. யாரைப் பாத்துக் கேட்டாகன்னா?

என்னையப் பாத்துத்தான். அந்த ரூம்ல வேற யாரு இருந்தா. கண்ணு தெளிவாத்தான் இருந்துச்சு. என்னையத்தான் பாத்தாக.

இல்ல தாயி. நீ சொல்ற மாதிரி இருக்காது. அது அன்னிக்கு ஆத்திரத்துல சொன்னது. அதைப் போயி ஒரு மனுசன் இத்தன வருஷமா, வீட்லயும் சரி, அங்கயும் சரி. இருக்காது. அப்படின்னா ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல. ஏன்த்தா, இன்னும் கோவமான்னு.

கேட்டாகளே.

தண்ணி வேண்டாம் எனக்கு. நீ குடி. அந்த ஜன்னலோரம் நான் கொஞ்சம் உக்காந்துக்கிறவா? இடம் மாறிக்கிருவோம், வா.

அவ பேரு என்னன்னு கேட்டேல்ல. நாந்தான் விடுன்னேன். இரு, வருது. வாயி பழக்கம் விட்டுப்போச்சு.

எழிலரசி. அவுக வச்ச பேருதான். எழிலரசி. தவசிமுத்து மக எழிலரசி.

நீ ஒரு தடவை சொல்லு தாயி. இன்னொருத்தரு வாயால கேட்டு ரொம்ப நாளாச்சு.